அப்பாவின் படகு மோட்டாருக்கு உதிரிபாகம்

கேள்வி: அப்பா புன்னக்காயலில் ஓட்டிய பழைய எவின்ரூட் மோட்டாரைச் சரிசெய்ய ஆசை. பழைய உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும்?
- வாசகர், ஆழ்வார்திருநகரி

பதில்: நல்ல ஆசை, விட்டுவிடாதீர்கள். எவின்ரூட் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டதால் தேடித்தான் பிடிக்கவேண்டும். முதலில் மோட்டாரைப் படகில் மாட்டும் கிளாம்ப் பக்கமுள்ள தகட்டைத் துடைத்து, மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜான்சனும் எவின்ரூடும் ஒரே கம்பெனியின் தயாரிப்புகள். ஆண்டும் குதிரைத்திறனும் ஒன்றானால் பெரும்பாலான பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். அதனால் இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய பட்டறைகளில் தொடங்குங்கள். 1980-களில் கேரளக் கரையில் வெளிநாட்டு மோட்டார்கள் நிறைய வந்திறங்கின. விழிஞ்சம், கொல்லம் மெக்கானிக்குகளிடமும் விசாரியுங்கள்.

புரொப்பெல்லர், கார்புரேட்டர், ஃப்ளைவீல் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். கியர்பாக்ஸ் என்றால், அடி ஸ்க்ரூவைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது, வாங்காதீர்கள். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர், ஆயில் சீல், கேஸ்கட் மூன்றும் புதிதாகவே இருக்கட்டும். இம்பெல்லர் தேய்ந்தால் தண்ணீர் ஏறாமல் இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அதே மாடலில் ஓடாத மோட்டார் ஒன்று முழுசாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். தேவையான பாகங்களில் பாதி அதிலேயே இருக்கும்.