ஏரி மண் கெட்டிப்படும் விதம்

கோடையில் ஏரியைத் தூர் எடுக்கிறோம். மேலே படிந்த வண்டல் வயலுக்குரியது. அதைச் சாலைக்கு இறைப்பதை நாம் ஒப்பமாட்டோம். ஆனால் அதன் கீழ் வெட்டியெடுக்கும் களிமண், கரையோரம் குவிந்து கிடந்து, முதல் மழையில் மறுபடியும் ஏரிக்குள்ளேயே சரிகிறது. இதைக் கெட்டிப்படுத்தி வண்டிப்பாதையின் அடித்தளமாக இடலாம். சிமிட்டி, சுண்ணாம்பு, அனல்மின் நிலையச் சாம்பல் ஆகிய மூன்றும் இதற்கு உதவும். எனினும் அவை ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. இதை அறியாது பாதை போட்டால் பஞ்சாயத்தின் பணம் சேற்றோடு போகும்.

சிமிட்டி விரைவானது. 28 நாட்களுக்குள் தன் வலிமையின் பெரும்பகுதியைக் காட்டிவிடும். ஆனால் பிசுபிசுப்பான களியில் அது சீராகக் கலவாது. கலந்த இரண்டு மணி நேரத்திற்குள் உருளையிட்டு இறுக்கவும் வேண்டும்.

சுண்ணாம்பின் செயல் இருவகைப்படும். கலந்த ஓரிரு நாட்களில் களியின் ஒட்டுந்தன்மை குறைந்து, மண் பொலபொலவென உதிரும். இதையே வலிமை என்று எண்ணிவிடலாகாது. களியிலுள்ள சிலிக்கா, அலுமினா ஆகியவற்றுடன் சுண்ணாம்பு மெல்லச் சேர்ந்து பசைபோன்ற பொருளாக மாறும்போதே உண்மை வலிமை பிறக்கிறது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். ஏழாம் நாளே கட்டியை நசுக்கிப் பார்த்துச் சுண்ணாம்பைப் பழிப்போர் அவசரக்காரர்.

நிலக்கரியை எரிக்கும் நிலையங்களின் பறக்கும் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து குறைவு. தனியே கலந்தால் பயன் சிறிதே. சுண்ணாம்போ சிமிட்டியோ துணை நின்றால், 90 நாட்களுக்குப் பின்னரும் அதன் வலிமை வளரும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு சற்று மிகுதி. மக்கிய தழை நிறைந்த கருஞ்சேறோ இம்மூன்றுக்கும் எளிதில் இணங்காது. அதை எருக்குழிக்கே அனுப்புக.

ஆகவே முதலில் சோதனை செய்க. உலர்ந்த மண் 100 பங்குக்குச் சுண்ணாம்பு 3, 4, 6 பங்கு என வெவ்வேறாகக் கலந்து, ஒரே அச்சில் இறுக்கிக் கட்டிகள் செய்து, ஈரச் சாக்கில் மூடி வைக்கவேண்டும். 7, 28, 90 ஆம் நாட்களில் ஒவ்வொரு கலவையிலும் ஒரு கட்டியை இரவு முழுதும் நீரில் இட்டுப் பார்க்கலாம். கரைந்த கலவை பாதைக்கு ஆகாது. கரையாததைப் பொறியாளரிடம் கொடுத்து நசுக்குவலிமையை அளந்துகொள்க. சுட்ட சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும், நீற்றியதையே கையாள்க.

நம் நாட்டு வெயில் கெட்டிப்படுதலை விரைவுபடுத்தும். ஆனால் ஈரம் வற்றினால் அது நின்றுவிடும். வைகாசியில் இட்ட பாதைக்கு ஐப்பசி மழைவரை நான்கு மாத அவகாசம் உண்டு. முதல் ஏழு நாட்களேனும் பாதையை நனைத்துவர வேண்டும். ஏரி வற்றிய அக்காலத்தில் அதற்கான நீரை எக்கிணற்றிலிருந்து எடுப்பது என்பதை வேலை தொடங்குமுன்பே பஞ்சாயத்து முடிவுசெய்துகொள்வது நலம்.