தொட்டிலுக்கும் நடைவண்டிக்கும் எந்தப் பூச்சு?

குழந்தைகளின் மரச்சாமான்களுக்கு அடிக்கப்படும் மேற்பூச்சைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளுள் மிக வலுவானது, இயற்கையில் கிடைப்பது எதுவும் தீங்கற்றது என்பதாகும். கறையானைத் தடுப்பதற்காக மரத்தில் நெடுங்காலமாகப் பூசப்பட்டுவரும் முந்திரிக்கொட்டை எண்ணெய் இதற்கு நேர் எதிரான சான்று. அதிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும், சேராங்கொட்டையின் பாலைப் போலவே, பட்ட இடத்தில் தோலைப் புண்ணாக்கக்கூடியவை. ஆளிவிதை எண்ணெயின் நிலை வேறு. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தானே கெட்டிப்படும் இயல்பு அதற்கு உண்டு எனினும், தூய எண்ணெய் அவ்வாறு கெட்டிப்பட நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ‘காய்ச்சிய’ எண்ணெய் என விற்கப்படுவதில் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோகங்களின் சேர்மங்கள், கெட்டிப்படுதலை விரைவுபடுத்தும் உலர்த்திகளாகப் பெரும்பாலும் கலக்கப்படுகின்றன. தேங்காய் எண்ணெயோ ஒருபோதும் கெட்டிப்படாது. மரத்தில் ஊறிக் காறிப்போவதே மிச்சம்.

செயற்கைப் பூச்சு எல்லாமே நஞ்சு என்பதும் இதே அளவுக்குப் பிழையானது. பியூ பாலிஷ் எனப்படும் பாலியூரித்தேன் பூச்சின் இருகலவை வகையில் சேரும் ஐசோசயனேட், அதைத் தெளிப்பவரின் நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது என்றாலும், வினை முழுமையாக முடிந்தபின் எஞ்சுவது எளிதில் கரையாத படலமே. இங்கு உலர்தல், இறுகுதல் என்ற இரண்டையும் வேறுபடுத்திக் காண வேண்டும். கரைப்பான் ஆவியாகி, தொட்டால் ஒட்டாத நிலையை அடைவது உலர்தல். படலத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து முடிவது இறுகுதல். முன்னது சில மணி நேரத்தில் நிகழ, எண்ணெய் சார்ந்த வார்னிஷில் பின்னதற்கு ஏறத்தாழ ஒரு மாதமும், மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகலாம் என்பதால், மாலையில் அடித்த தொட்டிலில் மறுநாளே குழந்தையைக் கிடத்துவது தவறு. தச்சுப்பட்டறைகளில் பரவலாக அடிக்கப்படும் மெலமைன் பாலிஷுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. அமிலத்தின் துணையால் இறுகும் அவ்வகைப் பூச்சு, இறுகும்போதும் அதன்பின் சில காலமும் ஃபார்மால்டிஹைட் வாயுவை வெளியிடுகிறது; அவ்வாயு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது.

வாடை இல்லாத பூச்சில் ஆபத்தும் இல்லை என்ற எண்ணம்தான் இவை அனைத்திலும் கேடு மிகுந்தது, ஏனெனில் ஈயத்துக்கு வாடை கிடையாது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைப் பளிச்சிட வைக்கும் ஈயக் குரோமேட் நிறமிகளே இதன் முதன்மையான மூலம். ஆகவே, நிறமற்ற பூச்சில் எது நல்லது என்று நெடுநேரம் ஆராயும் பெற்றோர், அதே நாற்காலியின் மஞ்சள் காலைப் பற்றிக் கேட்காமல் விடுவது வியப்புக்குரியது. குழந்தையின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை. இந்தியாவில் 2016இல் வகுக்கப்பட்ட விதிகள், 2017 நவம்பர் 1 முதல், வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என வரையறுத்தன. ஆயினும் தொழிலகப் பெயிண்டுகள் இவ்வரம்புக்குள் வராததால், மீதமிருக்கும் வாகன எனாமலைக் கொண்டு நடைவண்டிக்கு நிறம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். டப்பாவின் மேல் ‘பாதுகாப்பானது’ என்றிருப்பதை விட, பொம்மைகளுக்கான ஐஎஸ் 9873 தரத்தின் மூன்றாம் பகுதிப்படி சோதிக்கப்பட்டது என்ற குறிப்பே பொருளுடையது. அச்சோதனையில் பூச்சின் துகள்கள், இரைப்பை அமிலத்தை ஒத்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 37 டிகிரி செல்சியஸில் ஊறவைக்கப்பட்டு, கரைந்து வரும் ஈயம், காட்மியம், பாதரசம் முதலியவை அளக்கப்படுகின்றன.

கடித்துச் சுவைக்கும் வயதுக் குழந்தையின் தொட்டில் கம்பிகளுக்கு அரக்குப் பூச்சு தகுந்த தேர்வாகும். அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்திகரித்துப் பெறும் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து அடிக்கும் இப்பூச்சின் மூலப்பொருளே மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேலுறையாகிறது. சூட்டுக்கும் சோப்பு நீருக்கும் இது தாங்காது என்பதால், சாப்பாட்டு மேசைக்கு நன்கு இறுகிய நீர் சார்ந்த பாலியூரித்தேனே ஏற்றது.

பழைய தொட்டிலின் மேல் புதுப் பூச்சு அடித்துவிட்டால் போதும் என்பது எஞ்சியிருக்கும் நம்பிக்கை. பல் முளைக்கும் குழந்தை கம்பியைக் கடிக்கும்போது புதிய அடுக்கோடு அடியிலுள்ள ஈய அடுக்கும் சேர்ந்தே பெயர்கிறது. அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தாலோ, ஈயம் தூசியாக வீடெங்கும் படிகிறது. 2017க்கு முன் நிறம் பூசப்பட்டு, அப்பூச்சில் என்ன இருந்தது என்று தெரியாத தொட்டிலைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதிருப்பதே நன்று.