பாலத்துக்கு முன்னால் பள்ளம்

மாதிரி ரயில்: கேள்வி – பதில்

கேள்வி: தெர்மாகோலில் மலை செய்து ஸ்பிரே பெயிண்ட் அடித்தேன். மலை உருகிக் குழிகுழியாகிவிட்டது. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூசுங்கள்.

கேள்வி: எட்டடிக்கு நாலடிப் பலகையில் ஹெச்ஓ (1:87) அளவில் லேஅவுட் வைத்திருக்கிறேன். அதிலுள்ள இரும்பு கர்டர் பாலத்தை எடுத்துவிட்டு, கழுதுருட்டியில் இருக்கும் பதின்மூன்று கண் பாலத்தைப் போல ஒரு கல் பாலம் வைக்க ஆசை. தண்டவாளத்தைப் பெயர்க்காமல் முடியுமா? நல்ல பாலம் எங்கே வாங்கலாம்? (படம் இணைத்துள்ளேன்.)
– வாசகர், வித்துரா

பதில்: முடியும். ஆனால் பாலத்தை விசாரித்த நீங்கள், அதன் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. படத்தைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. தட்டையான பலகையில் நீல வண்ணத்தில் ஒரு பட்டை, அதற்கு மேலே பாலம். இந்த ஓடையைத் தாண்ட எந்த ரயில்வேயும் பாலம் கட்டாது, ஒரு குழாயைப் பதித்து மண்ணை மூடிவிட்டுப் போய்விடும். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான். பாலத்தை மாற்றுகிறார்கள், நிலத்தைத் தொடுவதேயில்லை. பிறகு புதுப் பாலமும் பொம்மையாகத் தெரிகிறது என்று வருந்துகிறார்கள்.

கழுதுருட்டி வழியாகப் போகும் கொல்லம்–செங்கோட்டைப் பாதையை 1904இல் திறந்தவர்கள் அழகுக்காகக் கண் கண்ணாக அடுக்கவில்லை. பாதை மலைச்சரிவை ஒட்டிப் போகிறது, இடையில் நிலம் இறங்குகிறது, கருங்கல் அங்கேயே கிடைக்கிறது. அதனால் அங்கே கல் வளைவு. மீட்டர் பாதை போய் 2018இல் அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் அதே பாலம்தான் சுமக்கிறது. கல் வளைவு ஒவ்வொன்றும் பக்கவாட்டில் தள்ளும். ஒரு கண்ணின் தள்ளலைப் பக்கத்துக் கண் எதிர்த்து நிற்கும், கடைசிக் கண்ணின் தள்ளலைக் கரைதான் வாங்க வேண்டும். ஆகவே இரு முனையிலும் கனத்த கல் கட்டுமானமும் அதன் பின்னால் உறுதியான மேடும் இருந்தே தீர வேண்டும். மெல்லிய பிளாஸ்டர் தோலில் போய் முட்டும் வளைவைப் பார்த்தால், காரணம் தெரியாதவருக்கும் கண் உறுத்தும்.

இனி வேலை. தண்டவாளம் இருக்கிற உயரத்திலேயே இருக்கட்டும், நிலத்தை இறக்குங்கள். தண்டவாளத்துக்கு அடியில் 9 மி.மீ. பிளைவுட் பட்டை ஒன்றை விட்டுவிட்டு, இரு பக்கமும் பலகையை அறுத்தெடுங்கள். 15 செ.மீ. கீழே சட்டம் அடித்துப் பள்ளத்தின் தரையை அமையுங்கள். அந்த ஆழம் நிஜத்தில் 13 மீட்டருக்குச் சமம். பட்டையின் எடையைத் தூண்களுக்குள் மறைத்த மரக்கட்டைகள் தாங்கும், வளைவுகள் வெளிமுகம் மட்டுமே. அதை அட்டையிலோ ஃபோம் பலகையிலோ நீங்களே வெட்டலாம், கடைக்குப் போக வேண்டியதில்லை. பதின்மூன்று கண்ணும் வேண்டாம். முழுப் பாலமும் ஹெச்ஓவில் ஒரு மீட்டரைத் தாண்டும், உங்கள் பலகையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி பாலமாகிவிடும். ஐந்து கண் போதும்.

ஓடைக்கு மாதிரி தேடி எங்கும் அலைய வேண்டாம், கல்லாறு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஓடுகிறது. போய் உட்கார்ந்து பாருங்கள். உருண்ட பெரும் பாறைகள் எங்கே தங்கியிருக்கின்றன, மணல் எங்கே ஒதுங்குகிறது, தண்ணீரை ஒட்டிச் செடி எவ்வளவு அடர்த்தி என்று குறித்துக்கொண்டு வாருங்கள். தண்ணீருக்கு நீலம் பூசவே கூடாது. அடியில் பழுப்பும் கரும்பச்சையும் பூசி, மேலே வார்னிஷ் விடுங்கள்.

கேள்வி: என் வளைவுப் பாதைக்கு ஏற்றபடி இரும்பு கர்டரையே வளைத்துச் செய்துவிட்டேன். சரிதானே?
– வாசகர், பதுளை

பதில்: சரியில்லை. பழைய இரும்பு கர்டர் நேராகத்தான் வரும். வளைவில் அதைச் சிறு துண்டுகளாகத் தூணுக்குத் தூண் கோணம் திருப்பி வைப்பார்கள், தண்டவாளம் மட்டும் அவற்றின் மேல் வளைந்து போகும். பாலமே வளைய வேண்டுமென்றால் கல் வளைவுக்கு மாறுங்கள். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே!

கேள்வி: பாம்பன் பாலத்தை முழுதாக அளவுப்படி செய்ய எவ்வளவு இடம் வேண்டும்?
– வாசகர், பரமக்குடி

பதில்: இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஹெச்ஓவில் ஏறக்குறைய 24 மீட்டர். 2025இல் திறந்த புதுப் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியை மட்டும் செய்யுங்கள், 83 செ.மீ. வரும். இரு பக்கமும் நாலைந்து தாழ்ந்த கண்களைச் சேர்த்தால் பார்த்தவுடன் பாம்பன் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ரப்பர் தோட்டம் வைத்தேன். யாருக்கும் அது ரப்பர் என்று தெரியவில்லை.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கவலை வேண்டாம், சரிசெய்துவிடலாம். உங்கள் மரம் 5 செ.மீ. என்கிறீர்கள். ஹெச்ஓவில் அது நாலரை மீட்டர்கூட இல்லை, ரப்பர் அதைப்போல மூன்று நான்கு மடங்கு வளரும். முன்வரிசைக்காவது 15 செ.மீ. வையுங்கள், பின்னால் போகப்போகக் குறைக்கலாம். சரிவை ஒட்டிப் படிப்படியாக வெட்டிய மேடையில், ஒரே இடைவெளியில் வரிசையாக நடுங்கள். தண்டில் ஆளின் இடுப்புயரத்தில் ஒரு சாய்ந்த கீறல், அதன் கீழே சிறு கறுப்புப் புள்ளியாகச் சிரட்டை. மழைக்காலக் காட்சி என்றால் கீறலுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடையும் கட்டிவிடுங்கள்.

கேள்வி: பாலத்தில் ஏறும் இடத்தில் மட்டும் வண்டி தடம் புரளுகிறது.
– வாசகர், தென்காசி

பதில்: தண்டவாள இணைப்பைப் பாலத்தின் விளிம்பிலேயே வைத்திருப்பீர்கள். பாலமும் கரையும் தனித்தனியாக அசையும்போது இணைப்பு படியாகிவிடும். இணைப்பை ஒரு சாண் தள்ளி உறுதியான தரைக்கு மாற்றுங்கள்.