கத்திரி வெயிலில் கொதிக்கும் கம்ப்யூட்டர்: முதலில் அறைச் சூட்டைக் கழியுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவர்களுக்கு மே மாதத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெரினா பக்கம் மதியமே எட்டிப் பார்த்துவிடும் கடற்காற்று, ஆவடிக்கு வந்து சேர்வதற்குள் மாலையாகிவிடும். சில நாள் வராமலே போகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் இரவு எட்டு மணிக்கும் 35, 36 டிகிரி நிற்கும். பொறியியல் சேர்க்கைக்கான இணையவழிப் பதிவு நடப்பதும் பெரும்பாலும் இந்த வெயில் காலத்தில்தான். பிள்ளை சான்றிதழ்களைப் பதிவேற்றிக் கொண்டிருக்கும்போது, வீட்டில் கரண்ட் இருக்க, கம்ப்யூட்டர் மட்டும் பட்டென்று அணைந்தால்?

ரிச்சி தெருவிலோ இணையத்திலோ பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் இந்தக் கோளாறு அடிக்கடி வருகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ப்ராசசர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்ற பதில் வரலாம். பல ஆயிரம் ரூபாய் செலவு. அதற்குத் தலையாட்டும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. சூட்டினால் மட்டும் ப்ராசசர் செத்துப்போவது அபூர்வம். காரணம், அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

அந்த எண் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு ப்ராசசருக்கும் உற்பத்தியாளர் ஒரு உச்ச வெப்பநிலை வைத்திருக்கிறார். இன்டெல் 12ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் பலவற்றுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 5 5600எக்ஸுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மந்தமாகும், ஃபேன் அலறும். அப்படியும் சூடு ஏறினால் மொத்தமாக அணைந்துவிடும். ரைசன் 7000 வரிசையின் உயர்வகை ப்ராசசர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் வெப்பநிலையைக் காட்டும். கூடவே, அறையில் சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றையும் வையுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். காற்றால் குளிர்விக்கும் எந்தக் கூலரும் ப்ராசசரை அறைச் சூட்டுக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஆகவே திரையில் தெரியும் எண்ணிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்தால் வரும் வித்தியாசம்தான் உங்கள் கூலரின் மதிப்பெண்.

உதாரணத்துக்கு, டிசம்பரில் அறை 26 டிகிரி, முழு வேலையில் ப்ராசசர் 74. வித்தியாசம் 48. மே மாதம் அறை 36, ப்ராசசர் 84. வித்தியாசம் அதே 48. எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் மெஷினில் பழுதில்லை, வெயில்தான். அதே மே மாதம் ப்ராசசர் 97 காட்டினால் வித்தியாசம் 61. இப்போது வெயில்மேல் பழி போட முடியாது. உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. வாங்கிய முதல் வாரத்தில் இந்த வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி கேபினட் உள்பக்கம் ஒட்டி வைத்துவிட்டால் பின்னால் ரொம்ப உதவும்.

எவ்வளவு வேகமாக ஏறுகிறது?

சினிபெஞ்ச் போல முழு வேலை கொடுக்கும் மென்பொருள் ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டி, எண் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். ஓட்டிய சில நொடிகளிலேயே 95ஐத் தொட்டால், ப்ராசசரின் சூடு கூலருக்குப் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம். நிதானமாகப் பத்து நிமிடத்தில் ஏறினால், கூலர் வாங்கிய சூடு பெட்டியை விட்டு வெளியேறவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் வகையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இன்டெல் பாக்ஸோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளை. நான்கில் ஒன்று சரியாக மாட்டாமல் இருந்தால்கூட கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் உட்கார்ந்தது போலவே தெரியும். மெல்ல அசைத்துப் பாருங்கள். ஊசிகளை எதிரெதிர் மூலையாக, டிக் சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும். தனியாக வாங்கிய கூலராக இருந்தால், அடிப்பாகத்தில் ஒட்டிய பாதுகாப்பு பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், புதிதாக மாட்டுபவர்களிடம் இது சாதாரணமாக நடப்பதுதான். கூலர் ஃபேனின் ஒயர் மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில்தான் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். (நம்ம ஊரில் மொத்தப் பெட்டியையே சிபியு என்கிறோம். இங்கே அது ப்ராசசரைக் குறிக்கிறது.)

அடுத்து தெர்மல் பேஸ்ட். சில வருடங்களில் காய்ந்துபோகும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். ஏஎம்4 சாக்கெட் ரைசன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து, அடியில் உள்ள பின்கள் வளைந்துவிடும். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமுமாகத் திருகி எடுங்கள்.

பெட்டிக்குள் காற்று

இரண்டாவது வகைக்குச் சுலபமான சோதனை, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே பத்து நிமிடம் ஓட்டுவது. வெப்பநிலை ஏழெட்டு டிகிரி இறங்கினால் கூலரில் தவறில்லை, பெட்டிக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

நம் பகுதியில் இதற்குக் காரணம் பஞ்சமில்லை. தொழிற்பேட்டை, லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை, மெட்ரோ வேலை, தெருவுக்குத் தெரு வீடு கட்டும் சிமென்ட் தூசி. அறைக்குள்ளேயே ஊதுபத்தியும் சாம்பிராணியும் போட்டால் அந்தப் புகை பிசுபிசுப்பாகப் படிந்து தூசியைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூலரின் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி அடைந்திருப்பது இதுதான். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ஃபேன் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதுங்கள். கூடத்தில் அல்ல, மாடியிலோ வாசலிலோ. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இது முக்கியம்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த, கலர் விளக்கு கேபினட்கள் பார்க்க அழகு. ஆனால் அவற்றில் காற்று நுழைய இடம் குறைவு. கம்ப்யூட்டர் மேசையின் கதவு போட்ட அடித்தட்டு அதைவிட மோசம், வெளியே தள்ளிய சூடான காற்றையே பெட்டி திரும்ப இழுக்கும். ஃபேனை மாற்றிப் போட்டிருந்தாலும் தொல்லைதான். பின்பக்க ஃபேன் அருகே டிஷ்யூ தாள் ஒன்றைப் பிடியுங்கள்: தாள் வெளியே பறக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் சூடு குறையவில்லையா? பயாஸில் மின்சக்தி வரம்பைப் பாருங்கள். இன்டெல் ஐ5-12400க்கு அடிப்படை 65 வாட், டர்போவில் அதிகபட்சம் 117 வாட் என்பது இன்டெல் கொடுத்த அளவு. சில மதர்போர்டுகள் இந்த வரம்பைத் தாமாகவே தளர்த்திவிடும். பாக்ஸ் கூலர் வைத்திருப்பவர்கள் அதை இன்டெல் சொன்ன அளவுக்குத் திருப்பி வைப்பது நல்லது.

நிஜமாகவே ப்ராசசர் பழுதானால்

அப்படியும் நடந்திருக்கிறது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் கோளாறு வருவதை அந்த நிறுவனமே 2024இல் ஒப்புக்கொண்டு, அவற்றுக்கான வாரண்டியை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. அந்தத் தலைமுறை வைத்திருப்பவர்கள் மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி கேட்க பில் வேண்டும். "ஜிஎஸ்டி இல்லாம வாங்கிக்கோங்க, கம்மியா போட்டுத் தரேன்" என்று சொல்லும் இடத்தில் அந்தக் கம்மியோடு உங்கள் உரிமையும் போய்விடுகிறது. பில்லையும், வரிசை எண் அச்சிட்ட பெட்டியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி இருந்தும் கடை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். மனுவோடு, வித்தியாசத்தை எழுதி வைத்த அந்தத் தாளையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ திரையின் படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.