எருமைத் தோலும் உரோமத் துளைகளும்

எருமைக் கன்றின் உடலில் உரோமம் அடர்ந்திருக்கிறது. வளர்ந்த எருமையின் முதுகோ வெறுமையாய்த் தோன்றுகிறது. உரோமம் உதிர்ந்துவிட்டதென அங்கத்தினர் பலர் நம்மிடம் கூறுவதுண்டு. உரோமத் துளைகளின் தொகை பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. தோல் விரிய விரிய அவை விலகிப் போகின்றன. வால் நுனியில் உரோமம் செறிவு. மடியிலும் தொடையின் உட்புறத்திலும் அருகல்.

துளைதோறும் ஒரு வியர்வைச் சுரப்பி உண்டு. ஆதலின் துளை குறைந்த தோலில் வியர்வையும் குறைவு. பசுவை நோக்க, எருமையின் தோலில் வியர்வைச் சுரப்பிகளின் நெருக்கம் ஏறத்தாழ 6-இல் 1 பங்கே. கறுத்த தோலோ வெயிலை மிகுதியாய் ஈர்க்கிறது. எருமை சேற்றை நாடுவதைச் சோம்பல் என்பது தகாது.

குட்டை வற்றிய கோடையில், நண்பகலுக்கு முன்னும் பின்னும் முதுகிலும் விலாவிலும் தண்ணீர் ஊற்றி, நிழலில் கட்டுதல் வேண்டும். இதனைச் செய்யாதார், பால் குறைந்தவுடன் சங்கத்துத் தீவனத்தையே குறை கூறுகின்றனர்.