பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் ஒத்துவருமா?

கேள்வி: 2016-இல் வாங்கிய லேப்டாப் வைத்திருக்கிறேன். ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. “இதுல 11 ஏறாதும்மா, புதுசு வாங்கிடுங்க” என்கிறார் கடைக்காரர். “லினக்ஸ் போட்டுக்கோங்க” என்கிறான் மகன். வாட்ஸ்அப், யூடியூப், பேங்க் கணக்கு, பேரனோடு வீடியோ கால், எப்போதாவது ஒரு பிரின்ட். என் வேலை இவ்வளவுதான். இந்த வயதில் லினக்ஸ் எனக்குச் சரிப்படுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: சரிப்படும் அம்மா. இதில் வயதுக்கு வேலையே இல்லை. நீங்கள் எழுதியதில் பிரின்டைத் தவிர மற்ற எல்லாமே பிரவுசருக்குள் நடக்கிறவை. குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ லினக்ஸிலும் அதே முகத்தோடுதான் இருக்கும். வாட்ஸ்அப்பை மட்டும் பிரவுசரில் வாட்ஸ்அப் வெப்பாகத் திறக்க வேண்டும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் சிப் என்றால் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 2016 லேப்டாப் இதில் தேறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்டேட் வராத கணினியில் பேங்க் கணக்கைத் திறப்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் விண்டோஸ் 11 ஏறவில்லை என்பதற்காக நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

லினக்ஸில் வகைகள் ஏராளம். அந்தப் பட்டியலுக்குள் நுழையாதீர்கள், வெளியே வர வழி தெரியாது. லினக்ஸ் மின்ட் போதும். 2006-இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேமுக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தோதானது.

இன்றைய லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது, போடுவதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்ட்டை ஏற்றித் தரச் சொல்லுங்கள், உங்கள் மகனே செய்துவிடுவார். அதைச் செருகி, லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்12-ஐத் தட்டுங்கள் (சில கம்பெனிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்). வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் முழு டெஸ்க்டாப்பும் அப்படியே வந்து நிற்கும். நீங்களாக இன்ஸ்டால் ஐகானை அழுத்தாதவரை ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் இழுக்கும், அதை வைத்து எடை போட்டுவிடாதீர்கள்.

அங்கேயே வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, வீடியோ காலில் உங்கள் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். மூடியைச் சாத்தித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். பலர் இதை மறந்துவிட்டு அப்புறம் புலம்புகிறார்கள். வைஃபை பிடிக்கவில்லை என்றால் ஃபோனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங் போட்டு, ‘டிரைவர் மேனேஜர்’ திறந்தால் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்.

பிரின்டர் என்ன மாடல் என்று நீங்கள் எழுதவில்லை, அதில்தான் சூட்சுமம். ஹெச்பி என்றால் அநேகமாகத் தானே கண்டுகொள்ளும். வைஃபையில் இயங்கும் புது பிரின்டர்கள் பலவற்றுக்கு டிரைவரே தேவைப்படுவதில்லை. நம் ஊர் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நிறைந்து கிடக்கும் கேனான் எல்பிபி 2900 மட்டும் லினக்ஸில் படுத்தும். பக்கத்தை வடிவமைக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டுகிற பிரின்டர் அது. அதற்கென்றே எழுதிய டிரைவர் இல்லாமல் அசையாது, லினக்ஸுக்கு இருக்கும் டிரைவரோ அரதப்பழசு. உங்களுடையது அதுதான் என்றால், பிடிஎஃப் ஆக்கி ஃபோனுக்கு அனுப்பிக் கடையில் எடுத்துக்கொள்வதே நிம்மதி.

இன்னொன்று. லேப்டாப் மெதுவாக இருப்பதற்குக் காரணம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். லினக்ஸ் போட்டும் அந்த டிஸ்க்கை விட்டுவைத்தால் பாதிப் பலன்தான். ஒரு எஸ்எஸ்டி மாற்றி அதில் மின்ட் போடுங்கள். புகைப்படங்களை முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது ‘டிஸ்க்கை அழி’ என்று வரும் தேர்வு, சொன்னபடியே அழித்துவிடும்.

கேள்வி: தமிழ் 99-இல் தட்டச்சு செய்பவன் நான். பாமினி எழுத்துருவில் பழைய கோப்புகளும் நிறைய உள்ளன. லினக்ஸில் இவை என்ன ஆகும்?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: தமிழ் 99-க்குக் கவலை வேண்டாம். சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஐபஸ் எம்17என்’ என்று ஆங்கிலத்தில் தேடி நிறுவுங்கள். லாக் அவுட் செய்து மீண்டும் வந்ததும் ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் எல்லாம் வரிசையாக நிற்கும். முதல் தடவை இதை அமைப்பது விண்டோஸைவிடச் சற்றுச் சுற்றுவழிதான், ஒப்புக்கொள்கிறேன்.

பாமினி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி போட்டது. எழுத்துருக் கோப்பை மின்ட்டில் இரண்டு முறை கிளிக் செய்து நிறுவிவிட்டால் பழைய வேர்ட் கோப்புகளை லிப்ரே ஆபீஸில் வாசிக்கலாம், திருத்தலாம். அட்டவணையும் படமும் நெருக்கமாக வைத்த பக்கங்கள் கொஞ்சம் இடம் பெயரும். பிறருக்கு அனுப்ப வேண்டியவற்றை மட்டுமாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரிய வேண்டாமா? எங்கள் கடைக் கணக்கு டேலியில் இருக்கிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம். அப்டேட், புது மென்பொருள், பிரின்டர் எல்லாவற்றுக்கும் ஜன்னலும் பொத்தானும் இருக்கின்றன. சிக்கல் வந்து இணையத்தில் தேடினால்தான் ஆளாளுக்குக் கட்டளையைக் கொடுப்பார்கள். எழுதித் தருவதற்கு அது சுலபம் என்பதே காரணம். புரியாத கட்டளையை ஒட்டி என்டர் தட்டாதீர்கள். அப்படியும் ஏதாவது கெட்டால் மின்ட்டிலேயே ‘டைம்ஷிஃப்ட்’ இருக்கிறது. முதல் நாளே அதை இயக்கி வைத்தால், கணினியின் அமைப்பை முந்தைய நிலைக்குத் திருப்பலாம்.

டேலி விண்டோஸுக்கென்றே செய்தது. அதை லினக்ஸில் ஓட்ட ஏதேதோ வித்தை சொல்வார்கள், கடைக் கணக்கில் அந்தச் சோதனை வேண்டாம். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுபவர் என்றால் அங்கேயும் மல்லுக்கட்ட வேண்டிவரலாம். கடைக் கணினியில் விண்டோஸ் 11 இருக்கட்டும், வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கணினியில் மின்ட் போடுங்கள்.