பரணில் கிடக்கும் வால்வு றேடியோவைப் பாடவைக்க: முழுமையான வழிகாட்டி

அச்சுவேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தேடினால், சாமான் அறையிலோ பரணிலோ ஒரு மரப்பெட்டி றேடியோ அகப்படலாம். பிலிப்ஸ், மர்பி, பை, புஷ் என்று ஏதாவதொரு பெயர் முகப்பில் இருக்கும். பழுதாகித்தான் ஒதுக்கினோம் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படியே நம்பிவிட வேண்டாம். பல பெட்டிகள் ட்ரான்சிஸ்டர் வந்தபோதே ஓரங்கட்டப்பட்டன; மிச்சத்தின் வாயை அடைத்தது கரண்ட். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம் அது. டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். சின்ன ட்ரான்சிஸ்டருக்கு அது காணும். நாற்பது, ஐம்பது வாட் கேட்கும் வால்வுப் பெட்டிக்கு எந்த மூலைக்கு? 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் சனம் கையில் அகப்பட்டதோடு தென்மராட்சிக்கு நடந்தது. அந்தப் பாரத்தை யார் தூக்குவார்?

ஆகவே உள்ளே இருப்பது பெரும்பாலும் சும்மா கிடந்ததால் வந்த கோளாறுதான். அது எல்லாப் பெட்டிகளிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், புதிதாகத் தொடங்குபவரும் துணிந்து இறங்கலாம்.

பிளக்கைச் செருகாதீர்கள்

“பாடுதா எண்டு ஒருக்காப் பார்ப்பம்” என்ற ஆசையில் போன பெட்டிகள்தான் அதிகம். காய்ந்துபோன கொண்டென்சர் ஒன்று உள்ளுக்குள் ஷோர்ட் ஆகியிருந்தால், சில நிமிடங்களில் மின்மாற்றி கருகிவிடும். வால்வைத் தேடிப் பிடிக்கலாம், வெளிநாட்டிலிருக்கும் மச்சானிடம் சொல்லியும் எடுப்பிக்கலாம். அந்த மொடலுக்கான மின்மாற்றி கிடைப்பது அரிது.

தேவையான சாமான் கொஞ்சம்தான்: மல்ரிமீற்றர், ஈயம் பற்றவைக்கும் கோல், குச்சுத் தூரிகை, ஹோல்டரோடு ஒரு பழைய இழை பல்ப். பல்ப் எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

திறந்து துடைத்தல்

பின் அட்டையைக் கழற்றியதும் கைபேசியில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். முள்ளை இழுக்கும் நூல் எந்தச் சில்லில் எத்தனை சுற்று என்பதையும் படத்தில் பிடியுங்கள். அறுந்தபின் அதை ஊகிப்பது பெரும் பாடு. உள்ளே செம்பாட்டுப் புழுதி படிந்திருக்கும், எலி கூடு கட்டியிருக்கும், தொண்டைமானாற்றுப் பக்கத்து உப்புக்காற்று தகட்டைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். காய்ந்த தூரிகையால் மெதுவாகத் தட்டி எடுங்கள்.

இரண்டு இடத்தில் துணியைக் கொண்டுபோகாதீர்கள். வால்வின் கண்ணாடியில் அச்சடித்த எண் விரல் பட்டாலே அழியும். நிலையப் பெயர்கள் எழுதிய டயல் கண்ணாடியின் உட்பக்க மையும் அப்படித்தான். தண்ணீர் பட்டால் கொழும்பும் லண்டனும் சேர்ந்தே போய்விடும்.

வால்வின் முதல் எழுத்து

ஐரோப்பிய வால்வுகளின் முதல் ஆங்கில எழுத்து பெட்டியின் சாதியையே சொல்லிவிடும். ஈ.எல்.84 என்பதுபோல ‘ஈ’யில் தொடங்கினால் இழைக்கு 6.3 வோல்ட். அநேகமாக மின்மாற்றி உள்ள பெட்டி. தொடக்கத்துக்கு இதுவே நல்லது. டி.கே.92 என்பதுபோல ‘டி’ என்றால் கரண்ட் வராத ஊர்களுக்கென்று வந்த பற்றரிப் பெட்டி. அதன் இழைக்கு 1.4 வோல்ட்தான், சுவர்க் கரண்டை நேரே கொடுத்தால் வால்வு எல்லாம் ஒரே நொடியில் போகும்.

யு.எல்.41 என்பதுபோல ‘யு’ என்றால் ஆபத்து. அந்தப் பெட்டிகளில் இரும்புத் தகடு நேரே சுவர்க் கரண்டோடு தொடுபட்டிருக்கும். குமிழைக் கழற்றிவிட்டு உள்ளிருக்கும் தண்டைத் தொட்டாலே அடிக்கலாம். தொழில் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதில் கைவைக்காதீர்கள்.

கொண்டென்சர் மாற்றல்

வேலையின் முக்கால்வாசி இதுதான். தகட்டின் அடியில் மெழுகு பூசிய கடதாசிக் குழாய்கள் இருக்கும். அவை ஈரம் குடித்துக் கசியும். ஒன்றைக் கழற்றி, அதே பெறுமதியில் 630 வோல்ட் தாங்கும் பொலியெஸ்டர் ஒன்றைப் போட்டபின்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். மைக்கா, செராமிக் வகைகள் கெடுவது குறைவு, விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒலிபெருக்கியை இயக்கும் கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் கொண்டென்சர். பெரும்பாலும் 0.01 மைக்ரோபரட். அது கசிந்தால் கிரிட்டில் நேர் வோல்ட் ஏறி, வால்வு கண்டபடி மின்னோட்டம் இழுத்து, ஸ்பீக்கர் மின்மாற்றியையும் கொண்டுபோகும். நேரம் இல்லை, ஒன்றை மட்டும் மாற்றுவேன் என்பவர் இதை மாற்றட்டும்.

அலுமினியக் குடுவையில் இருப்பவை 32 அல்லது 50 மைக்ரோபரட் வடிகட்டிகள். குடுவையை அழகுக்கு விட்டு, அதன் இணைப்புகளைத் துண்டித்து, 450 வோல்ட் புதியவற்றை அடியில் பொருத்துங்கள். நேர், எதிர் மாறினால் வெடிக்கும். கூடப் போட்டால் இரைச்சல் குறையுமே என்று பெறுமதியை ஏற்றவும் கூடாது, ஈ.சட்.80 போன்ற வால்வு தாங்கும் உச்சம் 50தான். சுவர்க் கரண்டுக்குக் குறுக்கே உள்ளதற்கு ‘எக்ஸ் 2’ என்று குறித்ததை மட்டும் பாவியுங்கள்.

பல்ப் வழியாக முதல் கரண்ட்

வெடித்த பழைய வயரை மாற்றி, 13 அம்பியர் பிளக்கில் 3 அம்பியர் பியூஸ் போடுங்கள். பின்புற வோல்ட் தெரிவை 240க்கோ 245க்கோ வையுங்கள். பிறகு 60 வாட் இழை பல்ப் ஒன்றைப் பெட்டிக்குத் தொடராக இணையுங்கள், எல்.ஈ.டி. பல்ப் உதவாது. சுவிச்சைப் போட்டதும் பல்ப் பிரகாசமாக எரிந்து, பின் மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே ஷோர்ட், உடனே நிறுத்துங்கள். எல்லாம் சரியென்றால் 100 வாட் பல்ப், அதன்பிறகே நேரடிக் கரண்ட்.

உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அளக்கும்போது ஒரு கை காற்சட்டைப் பையில் இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். பிளக்கைக் கழற்றியபின்னும் வடிகட்டியில் மின்னேற்றம் நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் தடையி ஒன்றால் வடியவிட்டு, மீற்றரில் பூச்சியம் கண்டபின்பே தொடுங்கள்.

மரமும் நூலும்

கறையான் பிடித்த பலகைக்கு ஒட்டுப்போடத் தச்சரே நல்லவர். மற்றபடி மெல்லிய அரத்தாள், அரக்குப் பொலிஷ், பொறுமை. பளபளக்கும் வார்னிஷ் அடித்துப் புதுக் கலியாணத் தளபாடம்போல ஆக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. முள்ளுக்கு நைலோன் தங்கூசி கட்டாதீர்கள், வழுக்கும். பின்னல் நூல் வேண்டும்.

என்ன கேட்கும்?

பழைய டயலில் மீற்றர் கணக்கு இருக்கும். 300,000ஐக் கிலோஹேர்ட்ஸால் வகுத்தால் மீற்றர் வரும். திருச்சி வானொலியின் 936 என்றால் ஏறத்தாழ 320 மீற்றர், தூத்துக்குடியின் 1053 என்றால் 285. இருட்டியபின் தேடுங்கள். எல்.ஈ.டி. விளக்கையும் கைபேசிச் சார்ஜரையும் அணைத்தால் இரைச்சல் பாதி குறையும். மாமரத்திலிருந்து யன்னல் வரை பத்து மீற்றர் செப்புக் கம்பி கட்டினால் ஏரியல் ஆயிற்று. மாரியில் இடி முழங்கத் தொடங்கினால் பெட்டியின் பிளக்கையும் கம்பியையும் கழற்றி, கம்பியின் நுனியை வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.